யார் சொல்லுக்கு யார் பொறுப்பு?

கடைக்கு வந்த ஒருவர், "இந்த மிளகு எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்கிறார். கடைப் பையனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "சரவாக் மிளகு" என்று சொல்லிவிடுகிறான். வந்தவர் நம்பி வாங்கிப் போகிறார். இரண்டு நாள் கழித்து, அது வியட்நாம் சரக்கு என்று தெரிந்து மூட்டையோடு திரும்பி வருகிறார். அப்போது முதலாளி, "பையன் சொன்னதற்கு நானா பொறுப்பு?" என்று கையை விரிக்கலாமா? அப்படி விரித்தவர் அதே தெருவில் நெடுநாள் கடை நடத்த முடியாது என்பது வணிகப் பெருமக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் சொல்லப்பட்ட சொல் கடைக்காரருடைய சொல். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்திருக்கிறார்கள்.

கடையில் இவ்வளவு தெளிவாக விளங்கும் இந்த நியாயம், நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தண்டை வந்ததும் மங்கிப்போவது ஏன் என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு இன்று இல்லை. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் கருவியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதன்பின் கூகுளின் ஜெமினி முதலாகப் பல வந்துவிட்டன. கட்டுரை கேட்டால் கட்டுரை, கணக்குக் கேட்டால் கணக்கு, மலாய்க் கடிதம் கேட்டால் மலாய்க் கடிதம் என்று நொடியில் எழுதித் தருகின்றன. நம் பிள்ளைகளில் பலர் பெற்றோருக்குத் தெரிந்தும் தெரியாமலும் இவற்றைக் கைபேசியில் உபயோகித்து வருகிறார்கள்.

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது இருவகையான பேச்சு காதில் விழுகிறது. "அதைத் தொடவே விடக்கூடாது, பிள்ளைகளின் மூளை மழுங்கிப் போய்விடும்" என்கிறார் ஒருவர். "என் மகன் இரண்டு மணி நேரப் பாடத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான், கெட்டிக்காரன்" என்று பூரிக்கிறார் மற்றவர். முதலாமவரின் கட்டளை நடக்கப்போவதில்லை. சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளத்திலேயே இத்தகைய உதவிகள் இடம்பெற்றுவிட்டன. மலேசியாவிலோ 2024 ஜனவரியில் அரசாங்கமே 'ஏஐ உந்தோக் ராக்யாட்' என்ற பெயரில் பொதுமக்களுக்கான இலவசப் பயிற்சியைத் தொடங்கியது. இரண்டாமவரின் பூரிப்பைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை தன் பெயரை எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தப் பதில் யாருடைய சொல்?

இதே கேள்வி கனடா நாட்டில் ஒரு தீர்ப்பாயத்தின் முன் வந்தது. 2022இல் தம் பாட்டியாரை இழந்த ஒருவர், ஊருக்குப் பறப்பதற்காக ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்துக்குச் சென்று, அங்கே பதில் சொல்லும் இயந்திரத்திடம் துக்கப் பயணத்துக்குரிய கட்டணச் சலுகையைப் பற்றி விசாரித்தார். சீட்டு வாங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகையைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்றது இயந்திரம். அவரும் முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வந்தார். பின்னர் விண்ணப்பித்தபோது, பயணம் முடிந்தபின் சலுகை தருவது எங்கள் விதியில் இல்லை என்று நிறுவனம் மறுத்துவிட்டது. வழக்கு வந்ததும் நிறுவனத்தார் சொன்ன வாதங்களில் ஒன்று வேடிக்கையானது. அந்த இயந்திரம் தனி ஆள் போன்றது, தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்றார்கள்! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, தன் தளத்தில் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, 800 கனடிய டாலருக்குச் சற்று அதிகமான தொகையைக் கொடுக்க உத்தரவிட்டது. தொகை அற்பந்தான். ஆனால் மிளகு வாங்கியவரின் வழக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு முந்திய ஆண்டு, 2023 ஜூனில், நியூயார்க் நகரில் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் பழைய தீர்ப்புகள் பலவற்றை எடுத்துக்காட்டியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகத்தில் இல்லை. எல்லாம் சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. அவற்றுள் ஒன்று உண்மையான வழக்குத்தானா என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள். ஆம் என்று அது சொல்லிவிட்டது. கருவியை உபயோகித்ததைக் குற்றம் என்று நீதிபதி சொல்லவில்லை. சரிபார்க்காமல் கையெழுத்திட்டதும், ஐயம் எழுந்த பிறகும் அதிலேயே பிடிவாதமாக நின்றதும்தான் அவர் கண்ட குற்றம். சட்டம் படித்துத் தேர்ந்தவர்கள் கதி இதுவானால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாம் எப்படிக் குறை சொல்வது?

இயந்திரம் ஏன் இப்படிப் பொய் சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பொய் என்பது அதற்குப் பொருந்தாத சொல். உண்மை தெரிந்தவன் அதை மறைத்துச் சொன்னால்தான் பொய். இங்கே நடப்பது வேறு. முன்காலத்தில் தபால் கந்தோர் ஓரத்தில் சிறு மேசை போட்டுக்கொண்டு, எழுதத் தெரியாத தொழிலாளிகளுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கில் எழுதிப் பழகிய கை அது. வந்தவர் வாயைத் திறக்குமுன்பே "இங்கு யாவரும் நலம், அங்கு தங்கள் நலமறிய ஆவல்" என்று பேனா ஓடிவிடும். வந்தவருக்கு மூன்று நாளாய்க் காய்ச்சலாக இருந்தாலும் கடிதத்தில் யாவரும் நலமாகவே இருப்பார்கள். எழுத்தர் வேண்டுமென்று செய்ததில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பது கைக்குப் பழகிவிட்டது. இந்த இயந்திரமும் அப்படியே. கோடானுகோடிப் பக்கங்களைக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று அதைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கொண்டே அது சொல்லடுக்கி விடை தருகிறது. பல சமயம் விடை சரியாகவே அமைகிறது, ஏனெனில் அது பழகிய பக்கங்களில் சரியானவை மிகுதி. அது அறியாத இடத்திலும் பேனா நிற்பதில்லை. இப்போது சில கருவிகள் இணையத்தில் தேடி, எங்கிருந்து எடுத்தோம் என்று இடத்தையும் காட்டுகின்றன. நல்ல முன்னேற்றந்தான். ஆயினும் காட்டிய இடத்தைத் திறந்து பார்த்தால் அங்கே வேறு செய்தி இருப்பதும் உண்டு.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். மனிதர் ஒருவர் தெரியாததைச் சொல்லும்போது நா தடுமாறும், பார்வை விலகும். சரக்கு விற்க வந்த தரகரின் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைத்துக் கேட்ட வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்! இயந்திரத்துக்கோ முகம் இல்லை. அறிந்ததையும் அறியாததையும் ஒரே குரலில், ஒரே பணிவோடு சொல்லும். போதாக்குறைக்கு, கேட்பவர் மனம் கோணாமல் பேசும் குணமும் அதற்கு உண்டு. தவறான எண்ணத்தோடு கேள்வி கேட்டால், அந்தத் தவற்றையே ஆதரித்துப் பேசுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு வரம்பு மீறி முகஸ்துதி செய்கிறது என்று புகார் எழுந்து, அந்நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதற்கும் "ஆமாம் முதலாளி" என்று தலையாட்டும் கணக்கப்பிள்ளையை நம்பிக் கல்லாச் சாவியைக் கொடுப்போமா?

அப்படியானால் பிள்ளைக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதையும் நம்பாதே என்று வளர்த்த பிள்ளை, நல்ல ஆசிரியரையும் நம்பாது, நல்ல நூலையும் நம்பாது; கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டும் நம்பும். அதைவிட ஆபத்து வேறில்லை.

நாணய மாற்றுத் தொழிலை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் சேஞ்ச் அலி இருந்த காலத்தில் அங்கே நோட்டு மாற்றியவர்களில் நம்மவர்கள் பலர். கட்டாக வந்த நோட்டுகளை விரலால் விசிறிக்கொண்டே போவார்கள். நடுவில் ஒன்று வந்ததும் விரல் நின்றுவிடும். அந்த விரலுக்குச் சந்தேகம் தொழிலா? இல்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான நல்ல நோட்டைத் தொட்டுப் பழகியதால், நல்லது அல்லாதது தானே உறுத்தியது. கள்ள நோட்டில் எத்தனை வகை உண்டு என்று படித்துக்கொண்டிருந்தால் அந்த விரல் பழகியிராது.

பிள்ளைகள் விஷயமும் இதுவே. நல்ல நூல்களை வாசித்த பிள்ளைக்கு, தானே நாலு வரி முட்டி மோதி எழுதிப் பார்த்த பிள்ளைக்கு, பெருக்கல் வாய்ப்பாடு நாவில் நிற்கும் பிள்ளைக்கு இயந்திரத்தின் பதிலில் ஒரு வரி வந்ததும் எங்கோ உறுத்தும். "எல்லாமே கைபேசியில் கிடைக்கும்போது இதையெல்லாம் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதுவே என் பதில். நல்ல நோட்டைத் தொடாத விரலுக்கு எல்லா நோட்டும் ஒன்றுதான்.

நம்முடைய அறிவு மரபிலும் இதற்குப் பாடம் உண்டு. ஹதீஸ் கலையில் செய்தி மட்டும் பதிவாவதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையும் சேர்ந்தே பதிவாகிறது. கி.பி. 810 முதல் 870 வரை வாழ்ந்த இமாம் புகாரி போன்ற பேரறிஞர்கள், அந்த வரிசையில் உள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்ந்த பின்பே செய்தியை ஏற்றார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையைப் பற்றியே தனி நூல்கள் எழுந்தன. இயந்திரத்தின் பதிலில் அந்த வரிசை அறுந்துபோயிருக்கிறது. யார் சொன்னது என்ற இடம் வெறுமையாக நிற்கிறது. மார்க்கக் கேள்விகளைப் பிள்ளைகள் இதனிடம் கேட்பதைப் பற்றி ஆலிம்கள் கவலைப்படுவது நியாயமே. இல்லாத ஹதீஸுக்கு எண் முதற்கொண்டு போட்டு எழுதிக் கொடுத்துவிடும். அத்தகைய கேள்விகளை மதரஸா உஸ்தாதிடம் கொண்டுபோகச் சொல்வதே முறை.

இனிக் காரியத்துக்கு வருவோம். தகப்பனார்களில் பலர், "எனக்கே அந்தக் கருவி தெரியாது, நான் எதைக் கற்றுக்கொடுப்பது?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கருவியைத் திறக்கப் பிள்ளைக்குத் தெரியும். சரக்கைச் சோதிக்க உங்களுக்குத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். முதல் கேள்வியைப் பாடப் புத்தகத்திலிருந்து கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் கடை இருக்கும் தெருவைப் பற்றி, உங்கள் ஊர்க் கந்தூரியைப் பற்றி, அம்மா சமைக்கும் ஒரு கறியைப் பற்றி, நீங்கள் முப்பது ஆண்டாக விற்கும் சரக்கின் தரங்களைப் பற்றிக் கேட்கட்டும். பதிலை வரி வரியாகப் படித்து, சரி, தவறு, பார்க்க வேண்டும் என்று மூன்று பத்தியில் குறிக்கட்டும். சரக்கிருப்பு எடுப்பதுபோல்தான். பெரும்பகுதி சரியாயிருப்பதைப் பார்த்துப் பிள்ளைக்குக் கருவியிடம் அச்சம் போகும். நடுவில் தைரியமாக ஒரு தவறு நிற்பதைப் பார்த்து மயக்கமும் போகும். தனக்குத் தெரிந்ததில் அது தவறியதைக் கண்ட பிள்ளை, தனக்குத் தெரியாததில் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று தானே யோசிக்கத் தொடங்கும்.

இரண்டாவதாக, வெளியே நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்கட்டும். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்காவைப் பற்றிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கல்வெட்டையும் காட்சிப் பொருள்களையும் பார்க்கட்டும். 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த கட்டடம் அது. 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பினாங்கில் இருப்பவர்களுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. திரையில் வந்த ஆண்டும் கல்லில் உள்ள ஆண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பாட வேலையில் வரிசை முக்கியம். பழைய கடைகளில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் எடுத்த எடுப்பில் பேரேட்டைக் கொடுக்க மாட்டார்கள். கூட்டிப் பெருக்கி, பொட்டலம் கட்டி, நிறுத்துப் பழகி, அரைக் கிலோவைக் கையில் எடுத்ததும் இவ்வளவுதான் என்று கை சொல்லும் வரையில் காத்திருப்பார்கள். பிள்ளையும் முதலில் தன் பதிலைத் தானே எழுதட்டும். மோசமாயிருந்தாலும் எழுதட்டும். அதன்பின் இயந்திரத்திடம், "இதில் எங்கே தவறு?" என்று கேட்கட்டும், "எனக்கு விளங்கவில்லை, வேறு விதமாகச் சொல்" என்று கேட்கட்டும். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாத துணை இது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தனிப் பாட ஆசிரியருக்குக் கொடுக்க வசதியில்லாத வீடுகளில் இது பெரிய உதவி.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இயந்திரங்கள் பழகிய பக்கங்களில் ஆங்கிலம் மலை என்றால் தமிழ் ஒரு கைப்பிடி. ஆகவே தமிழில் கேட்கும்போது தவறு கூடுதலாக வரலாம். நம் வீடுகளில் வழங்கும் அத்தா, நன்னி, லாத்தா போன்ற சொற்களிடம் தடுமாறுவதையும் காணலாம். ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023இல் வெளியிட்ட சீ லயன் போன்ற முயற்சிகள் இவ்வட்டார மொழிகளோடு தமிழையும் சேர்த்துப் பழக்குகின்றன. அதுவரை தமிழ்க் கட்டுரையில் பிள்ளையின் காதைத்தான் நம்ப வேண்டும். அந்தக் காது வீட்டில் தமிழ் பேசினால்தான் வளரும்.

வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிவைக்க வேண்டும். கடைக் கணக்கு, வாடிக்கையாளர் பெயர், கடன் விவரம், அடையாள அட்டை எண் எதையும் அந்தப் பெட்டிக்குள் எழுதக் கூடாது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த விவரம் அமானிதம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் இதற்குச் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. சாட்ஜிபிடியின் சொந்த விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதை உபயோகிக்கக் கூடாது. 18 வரையில் பெற்றோர் அனுமதி வேண்டும். இதைப் படிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது என் சந்தேகம்.

இனி, கடினமான இடம். மகன் இயந்திரம் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்துவிட்டான் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. என்ன செய்வது? முதலில், அது உண்மைதானா என்று பாருங்கள். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளும் தவறுகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. பிள்ளை தன் கையெழுத்தில் எழுதிய முதல் குறிப்புகளை வைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பேரேட்டில் ஐயம் வந்தால் நாம் சிட்டையைத் தானே எடுத்துக் காட்டுகிறோம்?

உண்மையாகவே இயந்திரம் எழுதியதென்றால், கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதில் பயனில்லை. அந்தக் கட்டுரையை மேசையில் விரித்து, மூன்றாம் பத்தியைக் காட்டி, "தம்பி, இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். தேடிப் பார்த்தேன், இந்த நூலில் இருக்கிறது, இதனால் சரியென்று நினைக்கிறேன் என்று சொன்னானானால், இயந்திரத்தின் உதவியைப் பெற்றேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதாததே அவன் குறை. அனைத்துலகப் பட்டயப் படிப்பை நடத்தும் ஐபி அமைப்பு, 2023இலேயே இயந்திரத்தைத் தடைசெய்ய மாட்டோம், ஆனால் அதனிடமிருந்து எடுத்ததை எடுத்ததாகக் குறிப்பிட வேண்டும் என்று அறிவித்துவிட்டது. கைமாற்றாக வாங்கிய சரக்கைக் கைமாற்று என்று எழுதிவைப்பதில் இழிவு என்ன இருக்கிறது?

பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நின்றானானால், பென்சிலைக் கையில் கொடுங்கள். எந்த வரிக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாதோ அந்த வரியை அவனே அடிக்கட்டும். நான்கு பக்கத்தில் ஆறு வரி மிஞ்சலாம். அந்த ஆறு வரியைத் தன் கையால் திருப்பி எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மதிப்பெண் குறைந்துதான் வரும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது அத்தா முகம் சுளிக்கிறாரா என்று மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.